பிரைட்டனில் எந்தப் பகுதியில் தங்குவது? முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் பிரைட்டன் நகருக்கு லண்டன் விக்டோரியா நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். கேட்விக் விமான நிலையத்தில் வந்து இறங்குபவர்களுக்கு அரை மணி நேரப் பயணம்தான். இவ்வளவு எளிதாகப் போய்வர முடிவதாலோ என்னவோ, பலர் தங்குமிடத்தைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. முன்பதிவுத் தளத்தைத் திறந்து, வரைபடத்தில் கடலுக்கு அருகில் தெரிகிற, கையிருப்புக்கு அடங்குகிற ஓர் அறையை எடுத்துவிடுகிறார்கள். பிரைட்டனுக்கு அந்த வழி பொருந்தாது. கடலிலிருந்து ஒரே தூரத்தில், ஏறத்தாழ ஒரே வாடகையில் இருக்கும் இரண்டு அறைகளுள் ஒன்றில் சனிக்கிழமை இரவு முழுவதும் தெருக்கூச்சல் கேட்கும். மற்றதில் அலையோசையைத் தவிர வேறு எதுவும் கேட்காது. வரைபடம் காட்டாத மூன்று விஷயங்கள்தான் இங்கே தங்குமிடத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: நீங்கள் தினமும் போக வேண்டிய இடம், வழியில் இருக்கும் ஏற்றம், இரவில் எழும் ஓசை. கடல் தெரிகிறதா என்ற கேள்வியை அவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: நகரின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்

பிரைட்டன் ரயில் நிலையம் மேட்டில் இருக்கிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் குவீன்ஸ் ரோடு தெற்கு நோக்கி நேராக இறங்குகிறது. அது மணிக்கூண்டைத் தாண்டியதும் வெஸ்ட் ஸ்ட்ரீட் என்ற பெயரோடு தொடர்ந்து கடற்கரைச் சாலையில் போய் முடிகிறது. மொத்தம் சுமார் ஒரு கிலோமீட்டர். பெட்டியை உருட்டிக்கொண்டு போனாலும் கால் மணி நேரத்தில் கடலைப் பார்த்துவிடலாம். திரும்பி வரும்போது அதே சாலை ஏற்றமாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த நேர்கோட்டை முதுகெலும்பாக வைத்துக்கொண்டால் மற்ற பகுதிகள் தாமாகவே இடம்பிடிக்கும். மணிக்கூண்டிலிருந்து கிழக்கே இறங்கினால் ராயல் பெவிலியன் அரண்மனையும், ஓல்ட் ஸ்டீன் என்ற திறந்தவெளியும், அதன் தெற்கு முனையில் 1899இல் திறக்கப்பட்ட பேலஸ் பியர் என்னும் பொழுதுபோக்குக் கடற்பாலமும் வரும். அதற்கும் கிழக்கே கெம்ப்டவுன், கடைசியில் மரீனா. மணிக்கூண்டிலிருந்து மேற்கே வெஸ்டர்ன் ரோடு வழியாகப் போனால் சர்ச்சில் ஸ்கொயர் கடைத்தொகுதியும், அதன் பின் ரீஜன்சி ஸ்கொயரும், பிறகு ஹோவும் வரும். ஹோவ் முன்பு தனி ஊராக இருந்தது; 1997 முதல் இரண்டும் ஒரே நகராட்சியின் கீழ் இருக்கின்றன. ஆகவே விளம்பரத்தில் ஹோவ் என்று இருந்தால் வேறு ஊர் என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம்.

முன்பதிவுத் தளங்கள் வாடகைக் குடியிருப்புகளின் முழு முகவரியைப் பணம் கட்டும்வரை மறைத்தே வைத்திருக்கும். அஞ்சல் குறியீட்டின் முற்பகுதி மட்டும் தெரிந்தாலும் ஓரளவு கணிக்கலாம். பிஎன்1 என்பது நகர மையமும் அதற்கு வடக்கே உள்ள பகுதிகளும். பிஎன்2 என்பது ஓல்ட் ஸ்டீனுக்குக் கிழக்கே இருப்பவை; ஆனால் கடலே கண்ணில் படாத குன்றுப்புறக் குடியிருப்புகளும் இதே குறியீட்டில்தான் வருகின்றன. பிஎன்3 என்றால் ஹோவ். பிஎன்10 என்றோ பிஎன்43 என்றோ இருந்தால் அது முறையே பீஸ்ஹேவன், ஷோரம் ஆகிய அண்டை ஊர்கள். தலைப்பில் பிரைட்டன் என்ற பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவை பிரைட்டன் ஆகா.

இரண்டாம் படி: எதற்காகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

பிரைட்டனுக்கு வருபவர்கள் எல்லாரும் கடலைப் பார்க்க மட்டும் வருவதில்லை. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், ராயல் சசெக்ஸ் கவுண்டி மருத்துவமனையில் வேலைக்குச் சேரும் செவிலியர், பிரைட்டன் சென்டரில் நடக்கும் மாநாட்டுக்கு வருபவர் என்று பலவகையினர் உண்டு. இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஏற்ற பகுதி வேறு வேறு.

சசெக்ஸ் பல்கலைக்கழகம் நகருக்குள் இல்லை; வடகிழக்கே ஃபால்மர் என்ற இடத்தில் இருக்கிறது. பிரைட்டன் நிலையத்திலிருந்து ரயிலில் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். 25ஆம் எண் பேருந்து ஹோவ் பக்கத்திலிருந்து சர்ச்சில் ஸ்கொயர், ஓல்ட் ஸ்டீன், லூயிஸ் ரோடு வழியாக வளாகத்துக்கே செல்கிறது. ஆகவே பிள்ளையை விட வரும் பெற்றோர் ஃபால்மரிலேயே இடம் தேடி அலைய வேண்டியதில்லை. இந்தப் பேருந்து போகும் வழியில், நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் தங்கினால் பகலில் பல்கலைக்கழக வேலையையும் மாலையில் கடற்கரையையும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு செய்தியை மட்டும் கவனியுங்கள்: பிரைட்டன் அண்ட் ஹோவ் ஆல்பியன் அணியின் கால்பந்து மைதானமும் ஃபால்மர் நிலையத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஆட்ட நாள்களில் ரயிலும் பேருந்தும் நிரம்பி வழியும்; பெட்டி படுக்கையோடு அன்று போக நேர்ந்தால் ஆட்டம் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே போய்விடுவது நல்லது.

மருத்துவமனை கெம்ப்டவுனில் ஈஸ்டர்ன் ரோட்டில் இருக்கிறது. அங்கே வேலைக்குச் சேர்பவரும், நோயாளியைக் கவனிக்க வருபவரும் வேறெங்கும் தேடாமல் கெம்ப்டவுனிலேயே தங்கிவிடுவது உத்தமம். மாநாட்டுக்கு வருபவருக்குப் பிரைட்டன் சென்டரை ஒட்டிய கடற்கரைச் சாலை விடுதிகள் வசதியானவை. ஆனால் அவை வெஸ்ட் ஸ்ட்ரீட்டுக்கும் பக்கத்தில் இருப்பவை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மூன்றாம் படி: பகுதிகளை ஒவ்வொன்றாக எடைபோடுங்கள்

ஓரிரு இரவுகள் மட்டும் தங்கி, நடந்தே ஊரைச் சுற்றிப் பார்க்க விரும்பும் இளையவர்களுக்கு நார்த் லெயின் பகுதியையும், அதற்குத் தெற்கே உள்ள தி லேன்ஸ் பகுதியையும் சொல்வேன். இரண்டும் அருகருகே இருந்தாலும் குணத்தில் வேறுபட்டவை. நார்த் லெயின் ரயில் நிலையத்தின் காலடியில் தொடங்குகிறது. சிட்னி ஸ்ட்ரீட், கென்சிங்டன் கார்டன்ஸ், கார்ட்னர் ஸ்ட்ரீட் என்று அடுத்தடுத்து வரும் தெருக்களில் பழைய துணி, இசைத்தட்டு, புத்தகம், காபி என்று சிறு வணிகர்களின் கடைகளே வரிசையாக இருக்கின்றன. தி லேன்ஸ் என்பது பிரைட்டன் மீனவர் ஊராக இருந்த காலத்துச் சந்துகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அளவுக்குச் சில இடங்கள் குறுகலானவை. இப்போது அங்கே நகைக்கடைகளும் உணவகங்களும் நிறைந்திருக்கின்றன. காரை வாசலில் நிறுத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு இவ்விரண்டும் ஏற்றவை அல்ல.

இந்தப் பக்கம் தங்குவோர் ராயல் பெவிலியன் தோட்டத்தின் தெற்கு வாயிலைக் காலையில் ஒருமுறை சென்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் உலகப் போரின்போது, 1914 இறுதி முதல் 1916 தொடக்கம் வரை, இந்த அரண்மனை காயமடைந்த இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவமனையாக இருந்தது. அதற்கு நன்றியாக இந்தியாவிலிருந்து தரப்பட்ட கல்வாயிலை 1921இல் பாட்டியாலா மகாராஜா திறந்துவைத்தார். இந்தியாவிலிருந்து போகும் ஒருவருக்கு இந்த ஊரில் கடலைவிட நெருக்கமாகத் தோன்றக்கூடிய இடம் அதுவே.

வெஸ்ட் ஸ்ட்ரீட்டையும், அது கடலைத் தொடும் இடத்தைச் சுற்றியுள்ள கிங்ஸ் ரோட்டின் பகுதியையும் வெள்ளி, சனி இரவுகளில் தவிர்க்கவே சொல்வேன். இரவு விடுதிகளும் மதுக்கூடங்களும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. கூட்டம் கலைவது பின்னிரவில். அது கலைந்ததும் கடற்பறவைகள் வந்துவிடும். ஜூன் மாதத்தில் பொழுது விடிவது ஐந்து மணிக்கு முன்பாகவே. அதற்கும் முன்னதாகப் புறாவைவிடப் பன்மடங்கு பெரிய அந்தப் பறவைகள் கூரை விளிம்பில் வரிசையாக நின்று, தெருவில் சிந்திக் கிடக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்காக ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு கத்தத் தொடங்கும். கடற்பறவையின் குரல் ஊர் முழுவதும் கேட்கும் என்றாலும், குப்பையும் உணவும் சிதறிக் கிடக்கும் மையப் பகுதியில் அதன் தொல்லை மிகுதி. கைக்குழந்தையோடு வருபவர்கள், எளிதில் தூக்கம் கலைபவர்கள் இங்கே தங்கிவிட்டு வருந்த வேண்டாம். வார நாள்களில், மாநாட்டுக்காக ஓரிரவு என்றால் பின்பக்க அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு சமாளிக்கலாம்.

கெம்ப்டவுன் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கடற்பாலத்திலிருந்து கிழக்கே செல்லும் செயின்ட் ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டுக்கும் கடலுக்கும் இடையில் உள்ள நியூ ஸ்டீன், மடீரா பிளேஸ் முதலிய தெருக்களில் குடும்பத்தினர் நடத்தும் சிறு விருந்தினர் இல்லங்கள் பல உண்டு. பெரிய விடுதிகளைவிட வாடகை பெரும்பாலும் குறைவு. காலை உணவும் சேர்ந்தே வரும். நகரைப் பற்றி ஏதேனும் கேட்டால் உரிமையாளரே நின்று நிதானமாக வழி சொல்வார். தன்பாலின ஈர்ப்பாளர் சமூகத்தின் நெடுங்கால மையமும் இதுவே. ஆகவே யாரும் யாரையும் உற்றுப் பார்க்காத, தனியாகப் பயணம் செய்பவர்கள் இயல்பாக இருக்கக்கூடிய இடம். கடற்பாலத்தை ஒட்டிய தெருக்களில் இரவில் ஓரளவு சத்தம் இருக்கும். கிழக்கே போகப் போக அமைதி கூடும்.

கெம்ப்டவுனில் கடலைப் பார்த்த அறை என்று படத்தில் காண்பதை நம்பி முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த விடுதிகள் மரீன் பரேடு என்ற மேல்சாலையில் இருக்கின்றன. வாசலை விட்டிறங்கிச் சாலையைக் கடந்தால் இரும்புக் கம்பித் தடுப்பு வரும். அதைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், கடற்கரை பல அடி கீழே, மடீரா டிரைவ் என்ற வேறொரு சாலைக்கு அப்பால் கிடக்கும். கடல் கண்ணெதிரே இருந்தாலும் அங்கே இறங்கப் படிக்கட்டு இருக்கும் இடம்வரை நடக்க வேண்டும், அல்லது கடற்பாலத்தின் பக்கமாகவோ கிழக்கே டியூக்ஸ் மவுண்ட் சரிவின் வழியாகவோ சுற்றி வர வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தச் சுற்று தினமும் ஒரு சோதனையாகிவிடும்.

அவர்களுக்கும் குழந்தைகளை வண்டியில் வைத்துத் தள்ளி வரும் பெற்றோருக்கும் நான் தயங்காமல் சொல்வது ஹோவின் கடலோரத்தைத்தான். ரீஜன்சி ஸ்கொயரிலிருந்து மேற்கே நடந்தால், இரு ஊர்களின் பழைய எல்லையில், சிறகு விரித்த அமைதித் தேவதையின் சிலை நிற்கும். அதைத் தாண்டியதும் சாலைக்கும் கடலுக்கும் நடுவே அகன்ற புல்வெளி தொடங்கிவிடுகிறது. சாலை, புல்வெளி, நடைபாதை எல்லாம் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருப்பதால் படி ஏறி இறங்கும் வேலையே இல்லை. புல்வெளிக்கு எதிரே 1820களில் கட்டத் தொடங்கிய பிரன்ஸ்விக் ஸ்கொயர், அதற்கடுத்து அடிலெய்டு கிரசென்ட், பால்மீரா ஸ்கொயர் என்று வெளிர்மஞ்சள் நிறக் கட்டடங்கள் வளைந்து நிற்கின்றன. இவற்றுக்குப் பின்னால் வெஸ்டர்ன் ரோடும் அதன் தொடர்ச்சியான சர்ச் ரோடும் போவதால் பேருந்து, மளிகை, மருந்துக்கடை எல்லாம் எட்டும் தூரத்திலேயே கிடைக்கும். வெஸ்டர்ன் ரோட்டில் ஆசிய, மத்தியக் கிழக்கு மளிகைக் கடைகளும் இருப்பதால், ஒரு வாரம் தங்கிச் சமைத்துச் சாப்பிட நினைக்கும் குடும்பத்துக்கு அரிசி பருப்புக்கு அலைச்சல் இருக்காது. கடற்பாலம் இங்கிருந்து சுமார் 2 கிலோமீட்டர். கடலோரமாகவே நடந்தால் களைப்பே தெரியாது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பிரைட்டனிலும் சரி, ஹோவிலும் சரி, கடற்கரை என்றால் மணல் அல்ல, கூழாங்கல். குழந்தை வண்டியும் சக்கர நாற்காலியும் அதில் உருளாது. வெறுங்காலோடு நடப்பதும் கடினம். ஆகவே கரையில் இறங்குவதைவிட நடைபாதையில் உலாவுவதே பலருக்கும் அன்றாட வழக்கமாகிவிடும். தங்குமிடத்திலிருந்து நடைபாதைக்குச் சமதளமாகப் போக முடிகிறதா என்று பார்க்கும்படி நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கடலிலிருந்து தள்ளியிருக்கும் பகுதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையத்துக்கு மேற்கே உள்ள செவன் டயல்ஸ், உள்ளூர்க்காரர்களின் கடைகளும் உணவகங்களும் கொண்ட இதமான பகுதி. லண்டனுக்குத் தினமும் ரயிலில் போய்வருபவருக்குப் பொருத்தமானது. கடலிலிருந்து திரும்பும்போது தொடர்ந்து ஏற வேண்டும். ஹனோவர் அதைவிடச் செங்குத்து. வண்ண வண்ணமாகப் பூசிய சிறு வீடுகள் நெருக்கமாக நிற்கும் அழகான குன்று, ஆனால் பெட்டியோடு ஏறுவதற்கு உரியது அல்ல. ப்ரெஸ்டன் பார்க் தட்டையானது, பெரிய பூங்கா உண்டு, சொந்தமாக ரயில் நிலையமும் உண்டு. கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு நல்லது.

மரீனாவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். புதிய அடுக்குமாடிகள், லிஃப்ட், பேரங்காடி, கார் நிறுத்துமிடம் எல்லாம் இருப்பது உண்மை. ஆனால் சுண்ணாம்புப் பாறைச் சுவரின் அடியில், நகரிலிருந்து விலகிக் கிடக்கும் இடம் அது. கடற்பாலத்துக்கு 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கோடையில் 1883 முதல் இயங்கிவரும் வோக்ஸ் மின்சார ரயிலில் கரையோரமாகப் போவது குழந்தைகளுக்கு மகிழ்ச்சி தரும் என்றாலும், மாலையில் திரும்பப் பேருந்தைத்தான் நம்ப வேண்டும். ஊரைப் பார்க்க வந்தவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

நான்காம் படி: தேதியைச் சரிபாருங்கள்

மே மாதத்தின் பெரும்பகுதியில் பிரைட்டன் கலைவிழா நடக்கும். ஆகஸ்ட் தொடக்கத்து வார இறுதியில் தன்பாலின ஈர்ப்பாளர் சமூகத்தின் பிரைடு விழா. அப்போது அறை கிடைப்பதே அரிது, செயின்ட் ஜேம்ஸ் ஸ்ட்ரீட் பகுதியில் வாகனமும் போக முடியாது. ஏப்ரலில் மாரத்தான் ஓட்டம், செப்டம்பர் இறுதியில் மாணவர் வருகை. கோடை வார இறுதிகளில் பல விடுதிகள் குறைந்தது இரண்டு இரவுகள் தங்கினால்தான் அறை தரும். ஞாயிறு முதல் வியாழன் வரை தங்க முடிந்தால் அதே அறைக்கு வாடகை கணிசமாகக் குறையும், சத்தமும் குறையும். தேதியை மாற்ற முடிந்தவர்கள் பகுதியை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், கடற்காற்றும் கடுமையாக இருக்கும். குளிர்காலத்தில் கடலோர அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, மையப் பகுதியில் வெதுவெதுப்பான அறையை எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஐந்தாம் படி: கட்டடத்தை விசாரியுங்கள்

பகுதி முடிவானதும் கட்டடத்தைப் பாருங்கள். கடலோரத்துக் கட்டடங்களில் பல இருநூறு ஆண்டுப் பழமையானவை. சட்டப் பாதுகாப்பு பெற்றவை என்பதால் உரிமையாளர் நினைத்தாலும் லிஃப்ட் அமைப்பதோ, சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடுவதோ எளிதல்ல. நான்காம் மாடி அறைக்குக் குறுகலான படிகளில் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும் நிலை சாதாரணமாக வரும். தரைக்குக் கீழ்த்தளம் என்றோ தோட்டத் தளம் என்றோ எழுதியிருந்தால், சாலையிலிருந்து படி இறங்கிப் போகும், வெளிச்சம் குறைந்த வீடாக இருக்க வாய்ப்பு உண்டு. கடல் பக்கவாட்டில் தெரியும் என்று எழுதியிருந்தால், சன்னலில் தலையை நீட்டினால் ஓர் ஓரம் தெரியும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, பொதுவா என்பதையும் பாருங்கள். சிறு விருந்தினர் இல்லங்களில் இரண்டு வகையும் உண்டு.

காரில் வருபவர்கள் நிறுத்துமிடம் முடிவாகாமல் பணம் கட்டவே வேண்டாம். மையத் தெருக்கள் பெரும்பாலும் குடியிருப்போர் அனுமதிச் சீட்டு வட்டாரங்கள். விடுதியில் சொந்த நிறுத்துமிடம் இல்லாவிட்டால் கட்டண நிறுத்தகத்தின் ஒருநாள் கட்டணம் அறை வாடகையில் பெரும் பகுதியை எட்டிவிடும். கார் இல்லாமல் வருவதே என் பரிந்துரை. நகரப் பேருந்துகளில் வங்கி அட்டையைத் தொட்டாலே போதும். நிறுத்தங்களில் அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்பது பலகையில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆறாம் படி: பணம் கட்டுமுன் ஒரு செய்தி அனுப்புங்கள்

தேர்ந்தெடுத்த இடத்துக்கு நான்கு கேள்விகளை எழுதி அனுப்புங்கள். அறை எந்தத் தெருவைப் பார்த்திருக்கிறது? வாசலிலிருந்து அறைவரை எத்தனை படிகள்? அறைக்குள் போகும் நேரத்துக்கு முன்பு வந்துவிட்டால் பெட்டிகளை வைத்துக்கொள்வீர்களா? எந்தத் தேதிவரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும்? ஒழுங்காக நடத்தப்படும் விடுதி இவற்றுக்கு நேரடியாகப் பதில் தரும். படிகளைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லையென்றால் நிறையப் படிகள் இருக்கின்றன என்று கொள்ளலாம்.

பதில் திருப்தியாக இருந்தால், வரைபடத்தில் தெருக்காட்சியைத் திறந்து அந்த வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கீழ்த்தளத்தில் மதுக்கூடம் இருக்கிறதா, எதிரே கட்டுமானம் நடக்கிறதா என்பது அதில் ஓரளவு தெரிந்துவிடும். வார இறுதியில் போய்வருபவர்கள் ரயில் அட்டவணையையும் அதே நாளில் பார்ப்பது அவசியம். லண்டன் பாதையில் பராமரிப்புப் பணி வார இறுதிகளில் நடப்பது வழக்கம்; ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடப்படும் நாளில் பயணநேரம் வெகுவாகக் கூடிவிடும். ஊர் திரும்பும் விமானம் ஞாயிற்றுக்கிழமை என்றால், கேட்விக்குக்குப் போகும் வழி அன்று திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கடைசி இரவுக்கான அறையை உறுதிசெய்யுங்கள்.